இருட்டினா டீசல் கூடுற வான்

"ஹெட்டைக் கழட்டித்தான் பாக்கோணும்."

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோவம் வந்திட்டுது. அதான் இருந்து எழுதுறன்.

ஹீற் மீற்றர் முள்ளு எச் பக்கம் போகுதெண்டு வானைக் கராச்சுக்குக் கொண்டுபோங்கோ. சீற்றைத் தூக்கி இஞ்சினைப் பாக்க முந்தியே தீர்ப்பு வந்திரும். கஸ்கற் போயிட்டுது, ஹெட் வெடிச்சிருக்கும், கழட்டி லேத்துக்கு அனுப்பி மட்டம் பாக்கோணும். கழட்டிற கூலி, கஸ்கற் செற், லேத்துக்காசு, ஒயில், கூலன்ற், அதோட வான் ஓடாமக் கிடக்கிற நாளுகளின்ர உழைப்பு. வான் ஓடிப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது சின்னக் காசில்ல. ஹெட்டில ஒரு பிழையும் இல்லாத வானுக்கு இந்தச் செலவு வரேக்க எப்பிடிப் பொறுக்கிறது?

முள்ளு பொய் சொல்லும். இதை முதல்ல மனசில போடுங்கோ, மிச்சத்தை ஆறுதலாப் பாப்பம்.

என்ர வான் டொல்பின். டொயோட்டா ஹையேஸ், எல்.எச். 113, தொண்ணூறுகளில இறங்கினது. 3எல் டீசல் இஞ்சின், 2.8 லீற்றர். திருகோணமலையில இந்த வானில ஏறாத ஆள் இருக்கிறது கஷ்டம். கோணேசர் கோயிலுக்கு வாற யாத்திரைச் சனம், நிலாவெளிக்குப் போற வெளிநாட்டுக்காரர், சீனக்குடாவில வேலைக்குப் போற பொடியள், டியூசன் பிள்ளையள் எண்டு எல்லாரையும் ஏத்தி இறக்கிறது இதுதான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். தனிப்பட்ட வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. திறந்தாப் போல என்ன, விலையைக் கேட்டாத் தலை சுத்துது. அதால முப்பது வயசு வானை நல்லாப் பாத்து வைச்சிருக்கிறதுதான் எங்களுக்குள்ள வழி.

சரி, கதைக்கு வாறன்.

கச்சான் காத்து அடிக்கிற காலம். தெரியும்தானே, மேக்கால காஞ்சு வாற காத்து, மத்தியானம் 36, 37 பாகை, றோட்டுத் தார் இளகும். வழமையா அரைவாசிக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற முள்ளு, அந்தக் கிழமை சில நேரம் அரைவாசியைத் தாண்டிப் போச்சுது. வெக்கைதானே எண்டு ட்றைவர் தம்பி சொன்னான். எனக்கு மனம் ஆறேல்ல. ஏனெண்டா மத்தியானம், ஆள் நிறைஞ்சு, ஏசி போட்டு ஓடேக்க முள்ளு நல்ல பிள்ளையா நிக்குது. பொழுதுபட்டுக் குளிர்ந்தாப் பிறகுதான் ஏறுது. வெக்கையால எண்டா இது தலைகீழெல்லோ?

ஒரு இரவு ஹயர் முடிச்சுக் கிண்ணியாப் பாலத்தால வாறன். (2009இல திறந்த பாலம். 396 மீற்றர். அதுக்கு முந்தி படகுப் பாதையில வாகனத்தை ஏத்திக் காவல் நிண்ட காலம் வேற கதை.) ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மற்றப் பக்கம் கொட்டியாரக் குடா, நல்ல கடல் காத்து. முள்ளு எச்சுக்குக் கிட்ட. பக்கத்தில டீசல் முள்ளையும் பாத்தன்.

அரைத் தாங்கி டீசல், முக்கால் தாங்கி எண்டு காட்டுது.

டீசல் ஓட ஓட எப்பிடிக் கூடும்?

பாலம் தாண்டி ஒதுக்கி நிப்பாட்டினன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஹெட்லைற்றை நூத்தன். ரெண்டு முள்ளும் ஆறுதலாக் கீழ இறங்கிச்சுது. திரும்பப் போட்டன். ரெண்டும் சேந்து ஏறுது. அந்த இருட்டுக்குள்ள எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது! இஞ்சினின்ர சூட்டுக்கும் தாங்கியில கிடக்கிற டீசலுக்கும் ஒரு உறவும் இல்ல. ரெண்டையும் ஒண்டாக் கட்டியிருக்கிறது டாஷ்போட்டுக்குப் பின்னால இருக்கிற வயர் மட்டும்தான். அப்ப பிழை அங்கதான்.

இதை விளங்கிக்கொள்ள அந்த மீற்றர் என்ன செய்யுதெண்டு கொஞ்சம் தெரியோணும்.

இஞ்சினில தண்ணி ஓடுற இடத்தில ஒரு சென்சர் பூட்டியிருக்கும். அதுக்குள்ள இருக்கிற பொருள் குளிரில மின்னை நல்லாத் தடுக்கும், சூடேற ஏற விட்டுக்குடுக்கும். கன டொயோட்டாக் கையேடுகளில 50 பாகையில 200 ஓமுக்கு மேல, 115 பாகையில 26 ஓம் பக்கம் எண்டு போட்டிருக்கும். தடை குறையக் குறைய மீற்றருக்குள்ளால கூட மின் ஓடும், முள்ளு எச் பக்கம் சாயும். முள்ளுக்குத் தெரிஞ்சது அந்த மின் மட்டும்தான். தண்ணி கொதிக்குதோ, ஐஸாக் கிடக்குதோ, அதுக்கு ஒண்டும் தெரியாது. இடையில எந்த வயர், எந்த நட், எந்த எர்த் பழுதாப் போனாலும் அந்தப் பழுதையும் சூடெண்டுதான் காட்டும். இல்லாட்டிக் குளிரெண்டு.

இந்த வயசு வான்கள் கனதில டீசல் முள்ளுக்கும் ஹீற் முள்ளுக்கும் ஒரே எர்த். டாஷ்போட் பல்புகளுக்கும் அதேதான். அந்த எர்த் துருப்பிடிச்சால், லைற் போட்டவுடன பல்புகளின்ர மின்னும் அதாலதான் வெளிய போகோணும். குப்பை அடைச்ச மடைவாயில வாய்க்கால் தண்ணி மட்டம் உயருமே, அப்பிடி அந்த இடத்தில வோல்ற் உயருது. மீற்றரின்ர கணக்குக் குழம்புது. ரெண்டு முள்ளும் சேந்து ஏறுது.

உடன டாஷ்போட்டைக் கழட்ட ஓடேல்ல. முள்ளு பொய் எண்டு சொல்லுறதெண்டா இஞ்சின் உண்மையிலயே சுகமா இருக்குதெண்டு முதல்ல உறுதியா அறியோணும். இந்த இடத்தை ஒருத்தரும் தாண்டிப் போகாதேங்கோ.

விடியக்காலமை, இஞ்சின் நல்லாக் குளிர்ந்து கிடக்கேக்க ரேடியேற்றர் மூடியைத் திறந்தன். (சூட்டோட திறந்தா முகம் வெந்திரும். விசேசமாச் சொல்லுறன், திறக்கவே வேண்டாம்.) தண்ணி விளிம்பு மட்டும் நிறைஞ்சிருந்துது. மூடியில்லாம ஸ்டார்ட் பண்ணி விட்டுப் பாத்தன். ஹெட் கஸ்கற் போயிருந்தா எரிஞ்ச காத்துத் தண்ணிக்குள்ள வந்து குமிழி குமிழியாக் கொப்பளிக்கும். ஒண்டும் இல்ல. ஒயில் குச்சியில பால்தேத்தண்ணி நிறம் இல்ல. சைலன்சரில வெள்ளைப் புகை இல்ல. மூடியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணின கையோடயும் மேல் ஹோஸ் கல்லு மாதிரி விறைக்கேல்ல. கிழமைக்கணக்கா தண்ணி ஒரு சொட்டுக் குறையேல்ல.

அப்ப எந்த நியாயத்தில ஹெட்டைக் கழட்டுறது?

அதுக்குப் பிறகு லேசர் தேமோமீற்றர். கொரோனா நேரம் நெத்தியில பிடிச்சாங்களே, அந்தச் சாதனம் இதுக்குச் சரிவராது. அது மனிசற்ற காய்ச்சல் அளவுக்குத்தான் காட்டும். 300 பாகைக்கு மேல காட்டுற வேலைத்தள சாமான் தனியா இருக்கு. அதிலயும் ஒரு சூட்சுமம். மினுமினுக்கிற அலுமினியத்தில பிடிச்சா உள்ளதை விடக் கனக்கக் குறைச்சுக் காட்டும், ஏனெண்டா மினுங்கிற உலோகம் தன்ர சூட்டை ஒளியா வெளிய விடுறது குறைவு. தேமோஸ்டற் மூடியில ஒரு துண்டு கறுத்த இன்சுலேசன் ரேப் ஒட்டிப்போட்டு அதில பிடியுங்கோ. இரவு, லைற் போட்டு, முள்ளு எச்சுக்குக் கிட்ட நிக்கேக்க நான் பிடிச்சுப் பாத்தன்.

86 பாகை.

82இல திறக்கத் தொடங்கிற தேமோஸ்டற் உள்ள இஞ்சினுக்கு இதை விட நல்ல கணக்கு வேற வேணுமோ?

கடைசியாச் சென்சர். அதைக் கழட்டி, வீட்டில பழைய சட்டி ஒண்டில தண்ணி கொதிக்க வைச்சு, நீட்டு வயரால சென்சரின்ர தலையை வானின்ர மீற்றர் வயரோடயும் உடம்பை எர்த்தோடயும் தொடுத்து, பித்தளை முனையைக் கொதிதண்ணிக்குள்ள விட்டன். எங்கட ஊர் கடல்மட்டத்தில இருக்கிறது இதுக்கு ஒரு பாக்கியம். இஞ்ச கொதிக்கிற தண்ணி சரியா 100 பாகை, வேற தேமோமீற்றர் தேவையில்ல. (நுவரெலியாவில உள்ளாக்கள் இதைச் செய்தா ஞாபகம் வைச்சிருங்கோ, அங்க 94 பாகையளவிலயே தண்ணி கொதிச்சிரும்.) பகல், லைற் இல்லாம, முள்ளு அரைவாசிக்கு ஒரு நூல் மேல போய் அங்கயே நிண்டுது. அந்த இடத்தில கண்ணாடியில ஒரு சின்னப் புள்ளி வைச்சன். இப்ப என்ர மீற்றரில 100 எங்க எண்டு எனக்குத் தெரியும். சட்டியைச் சுத்தி நிண்ட பிள்ளையளுக்கு அண்டைக்கு விஞ்ஞானப் பாடம் ஓசியில.

எங்கட ஊரில கன்னியாவும் இருக்கு, ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. அங்க கொண்டுபோய்ச் சோதிக்கலாமே எண்டு தம்பி கேட்டான். அந்தத் தண்ணி ஆள் குளிக்கிற சூடு. இஞ்சின் கணக்குக்கு அது காணாது. அதோட அது சனம் அந்தியேட்டி செய்யிற புண்ணிய இடம், அங்க வான் சாமானோட போறதில எனக்கு விருப்பமில்ல.

எர்த்தைத் தேடிப் பிடிச்சது நான் தனிய இல்ல. கிண்ணியாவில ஒரு வயரிங் நானா இருக்கிறார், கண்ணில பாத்தே வயரின்ர வயசு சொல்லுவார். விசயத்தைச் சொன்னவுடன மனுசன் ஹெட்டைப் பற்றி மூச்சும் விடேல்ல.

"தம்பி, லைற்றுக்கு ரெண்டு முள்ளும் ஏறுதா? அப்ப வேற ஒண்டும் பாக்க வேணாம், எர்த்தைப் பாப்பம்."

மல்டிமீற்றரின்ர ஒரு முனையைப் பற்றறி மைனசில, மற்ற முனையை மீற்றர் பெட்டியின்ர எர்த் வயரில வைச்சார். லைற் போடச் சொன்னார். நல்ல எர்த்தில 0.1, 0.2 வோல்ற்றுக்கு மேல காட்டக்கூடாது. இதில ஒரு வோல்ற்றைத் தாண்டிப் போச்சுது. அந்த வயரைப் பிடிச்சுக்கொண்டே போய், இடப்பக்கக் கால்மாட்டுப் பலகையைக் கழட்டினம்.

அங்கதான் கிடந்துது. பத்து மில்லிமீற்றர் நட் ஒண்டு. அதுக்குக் கீழ வயரின்ர செம்பு வளையம், அதில பச்சையும் வெள்ளையுமாப் பூத்த மா. நட்டைத் திருப்பேக்க துரு தூளாக் கொட்டுது. வளையத்தை எடுத்தா அடியில தகரமே தெரியேல்ல, மண்ணிறப் பொருக்குத்தான். முன்கண்ணாடி ரப்பரால கசிஞ்ச மழைத்தண்ணி, அதோட எங்கட கடல் காத்தின்ர உப்பு. துறைமுகத்தைச் சுத்தி ஓடுற வாகனங்களுக்கு இது ஊர் வருத்தம். உட்துறைமுக வீதியில ராவு முழுக்க நிப்பாட்டி வைக்கிற வானின்ர கண்ணாடியைக் காலமையில விரலால தொட்டு நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கும். கண்ணாடியில படிஞ்சா நட்டில படியாதே?

நானா மண்கடதாசியால தகரம் வெள்ளையாகும் மட்டும் தேச்சார். புது வளையம் ஈயம் வைச்சுப் பிடிச்சார். இறுக்கினாப் பிறகு மேல கிறீஸ் பூசினார். அதோட நிக்காம, மீற்றர் பெட்டியில இருந்து இன்னொரு வயர் நேர பொடிக்கு இழுத்துவிட்டார். லைற் போட்டம். ஒரு முள்ளும் அசையேல்ல. கூலியாக் கேட்ட காசு ஒரு ஹெட் கஸ்கற் செற்றின்ர கால்வாசியும் வராது. மேலதிகமாக் குடுத்ததையும் வாங்க மறுத்திட்டார்.

இனி, இதே மாதிரி வேற பொய்களும் இருக்கு. கெதியாச் சொல்லுறன்.

சென்சருக்குப் போற வயர் உரிஞ்சு இஞ்சின் உடம்பில முட்டினா முள்ளு ஒரேயடியா எச்சுக்கு அடிக்கும். குளிர்ந்த இஞ்சினில திறப்பைப் போட்டவுடனயே அப்பிடி நிண்டா கனதரம் இதுதான். அந்த வயரை மீற்றர் பக்கத்தில கழட்டி விடுங்கோ, முள்ளு சி (குளிர்) பக்கம் வந்து படுத்தா மீற்றர் சரி. சென்சர் மரையில திரெட் சீல் ரேப்பைச் சுத்தித் தள்ளுறாங்கள் சிலபேர். அந்தச் சென்சருக்கு எர்த்தே அதின்ர மரையாலதான் வருது. ரேப் அதை மறைச்சா முள்ளு குறைச்சுக் காட்டும். கடையில "இதுவும் அதேதான்" எண்டு தாற சென்சர் மரை பொருந்தும், ஓம் பொருந்தாது. வாங்கின உடன சட்டித்தண்ணியில போட்டுப் பழசோட ஒப்பிட்டுப் பாருங்கோ. இஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில இருக்கிற பின்னல் எர்த் பட்டி அறுந்திருந்தாலும் முள்ளு கீழதான் நிக்கும்.

தேமோஸ்டற்றைக் கழட்டி எறியிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லோணும். "சூடான நாடு தம்பி, இஞ்ச அது தேவையில்ல" எண்டு சொல்லாத ஆளில்ல. கன இஞ்சின்களில தேமோஸ்டற்றின்ர அடித்தட்டு, சூடானாப் பிறகு குறுக்கு வழியை மூடித் தண்ணியை முழுசா ரேடியேற்றருக்கு அனுப்பும். அதைக் கழட்டினா குறுக்கு வழி எப்பவும் திறந்து கிடக்கும், தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றரைக் காணாமலே திரும்ப இஞ்சினுக்குள்ள போகும். மெதுவா ஓடேக்க முள்ளு சியில கிடக்கும். அதைப் பாத்துச் சனம் சந்தோசப்படும். ஹபரணைப் பக்கம் ஆள் ஏத்திக்கொண்டு இழுத்து ஓடேக்கதான் கணக்குத் தீரும். ஜப்பான்காரன் அதை வடிவுக்குப் பூட்டேல்ல.

ரேடியேற்றர் மூடியும் அப்பிடித்தான். 0.9 எண்டு அடிச்ச நல்ல மூடி இருந்தா அந்த அமுக்கத்தில வெறும் தண்ணியே 118 பாகை மட்டும் கொதிக்காது. ரப்பர் காஞ்ச மூடியெண்டா 100இலயே கொதிச்சு வெளிய தள்ளும். மீற்றரில குறை சொல்ல முந்தி மூடியை மாத்துங்கோ, இருக்கிறதில மலிஞ்ச சாமான் அதுதான்.

இப்ப எனக்கு உண்மையாப் பயமான பொய்யைச் சொல்லுறன்.

முள்ளு ஏறிறதுக்கு எல்லாரும் பயப்படுறம். இறங்கிறதுக்கு ஒருத்தரும் பயப்பிடுறதில்ல. சென்சர் தண்ணிக்குள்ள நனைஞ்சு நிக்கும் மட்டும்தான் அதின்ர கணக்குச் சரி. ஹோஸ் வெடிச்சுத் தண்ணி முழுக்கப் போயிட்டா சென்சர் வெறும் காத்துக்குள்ள நிக்கும். காத்து, தண்ணி மாதிரிச் சூட்டைக் கொண்டுவந்து குடுக்காது. இஞ்சின் இரும்பு பழுக்கக் காயுது, முள்ளு ஆறுதலாக் கீழ இறங்குது! எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணைக்குக் கண்டி வீதியால போகேக்க கந்தளாய் தாண்டினாப் பிறகு இதுதான் நடந்தது. இரவு. ரெண்டு பக்கமும் காடு. யானை நிக்கிற இடம், ஒருத்தரும் இறங்க விரும்பாத றோட்டு. முள்ளு ஏறினதைக் கண்டு பதறினவர், கொஞ்சத்தால அது இறங்க, "அப்பாடா, குளிர்ந்திட்டுது" எண்டு நெச்சு மிதிச்சிருக்கிறார். ஹபரணை காணேல்ல. பிஸ்ரன் இறுகி, இஞ்சின் போட்டுது. அவரில ஒரு பிழையும் சொல்லேலாது. முன்னால இருந்த மீற்றர் அவருக்குக் குளிரெண்டுதானே காட்டிச்சுது.

ஏறின முள்ளு, நீங்கள் வேகத்தைக் குறைக்காம, ஒண்டும் செய்யாமத் தானா இறங்கினா உடன நிப்பாட்டுங்கோ. இஞ்சினை நூருங்கோ. யானைக் காடெண்டா கண்ணாடியைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருந்து போன் அடியுங்கோ. அதை மட்டும் என்ர ட்றைவர் தம்பிக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறன்.

புதுக் கார் வைச்சிருக்கிறாக்கள் சிரிக்க வேண்டாம். இப்ப வாறது கனதில 80 பாகையில இருந்து 105 மட்டும் முள்ளை நடுவிலயே அசையாம நிப்பாட்டி வைக்கிறாங்கள், ஓடுறவர் பயப்பிடக்கூடாதாம். அது அசையிற நேரம் காரியம் முத்தியிருக்கும். எங்கட டொல்பின் முள்ளாவது வயரைச் சரிபண்ணினா உள்ளதைச் சொல்லும்.

என்ர வானில இப்ப ரெண்டாவது காவல் ஒண்டு பூட்டியாச்சு. நட்டுக்குக் கீழ வைச்சு இறுக்கிற வளையச் சென்சர், சின்ன எலக்ரோனிக் பெட்டி, ஒரு பசர். அந்த வளையம் நேர சிலிண்டர் ஹெட் உலோகத்தில நிக்குது. அது பாக்கிறது உலோகத்தின்ர சூட்டை. தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் அதுக்கு ஒண்டுதான். கந்தளாய் மட்டும் ஆள் நிறைச்சு, ஏசி போட்டு ஓடிப் பாத்ததில 88க்கும் 94க்கும் இடையில நிண்டுது. பசரை 105க்கு வைச்சிருக்கிறன். வாற கிழமை நானாவிட்டப் போய், அந்தப் பெட்டிக்கும் தனி எர்த் வயர் ஒண்டு இழுக்கோணும். இப்ப அது சிகரெற் லைற்றர் எர்த்தில தொங்கிக்கொண்டு நிக்குது, அந்த நட்டையும் ஒருக்காக் கழட்டிப் பாக்க இருக்கு.